சாக்ஸஃபோன் ஃபிங்கரிங் ஃபான்ட் வாங்கலாமா?

ஜாஸ் சாக்ஸஃபோனுக்கு நோட்ஸ் எழுதறவங்களுக்குன்னு விக்கிற ஃபிங்கரிங் ஃபான்ட் (எந்தெந்த கீயை அமுக்கணும்னு படமா காட்டுற ஃபான்ட்) ஒண்ணு வாங்கி கொஞ்ச நாளா யூஸ் பண்றேன், பேரு வேணாம். ஒரு எழுத்து அடிச்சா கீ எல்லாம் வட்டவட்டமா இருக்கிற காலி படம் வரும், அடுத்தடுத்து அடிக்க அடிக்க ஒவ்வொரு கீயா கறுப்பாகும். எந்த எழுத்து எந்த கீன்னு பழகத்தான் நேரம் புடிக்குது.

மல்டிஃபோனிக்ஸ் எழுத இது செம. ஒரே ஃபிங்கரிங்ல ரெண்டு மூணு சுரம் சேர்ந்து வரணும்னா நோட்டை மட்டும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சா வாசிக்கிறவர் முழிப்பார், எதை மூடணும் எதை விடணும்னு படம் இருந்தே ஆகணும். மேல் எஃப் ஷார்ப்பையும் தாண்டிப் போற ஆல்டிஸிமோ உச்ச சுரங்களுக்கும் அப்படித்தான், ஆனா ஆல்ட்டோ சாக்ஸ்ல வர்றது அதை விட பெரிய டெனர் சாக்ஸ்ல அப்படியே வராது, ரெண்டும் ஆல்ட்டோவா இருந்தா கூட மவுத்பீஸ் மாறினா பிசிறலாம், அதனால எந்த சாக்ஸுக்குன்னு படத்துக்குப் பக்கத்துலயே போட்டுடுங்க.

மத்தபடி சாதாரண மாத்து ஃபிங்கரிங்குக்கெல்லாம் படம் ஓவர்ங்க. பி ஃப்ளாட்டுக்கு பிஸ் கீயா (இடது ஆள்காட்டி விரல்ல அமுக்கற குட்டி கீ) சைடு கீயான்னு (வலது கைப்பக்கம் இருக்கிறது) ஒரு வார்த்தை எழுதினா முடிஞ்சுது. ஜாஸ் டெனர் சாக்ஸ் கலைஞர் லெஸ்டர் யங் பண்ணின மாதிரி ஒரே நோட்டை ஃபிங்கரிங் மாத்தி மாத்தி வாசிச்சு தொனியை மட்டும் மாத்தணுமா, உதாரணத்துக்கு நடு சி, ஒரு தடவை வழக்கமா, அடுத்த தடவை கீழ் சிக்கு மூடற மாதிரி எல்லாத்தையும் மூடி ஓவர்டோன்ல (அதே ஃபிங்கரிங்ல ஊதி மேல் சுரத்தை எடுக்கிறது), இதுக்கு நோட்டு தலை மேல சின்ன வட்டமும் ப்ளஸ் குறியும் மாத்தி மாத்தி போட்டா போதும், ஒவ்வொரு நோட்டுக்கும் படம் ஒட்டினா கோர்டு (சுரக்கூட்டு) பேர் எழுத இடமே இருக்காது. ஒண்ணு, அதே ப்ளஸ்ஸை ஸ்லாப் டங்குக்கும் (நாக்கால 'டப்'புனு அடிக்கிற சத்தம்) போடறவங்க இருக்காங்க, அதனால முதல் பக்கத்துல குறி விளக்கம் கட்டாயம்.

எஃபெக்ட்ஸுக்கு இந்த ஃபான்ட்ல ஒண்ணுமே இல்ல. நோட்டுக்குள்ளயோ நோட்டை விட்டோ வழுக்கிற ஸ்கூப், ஃபால், டாயிட், ப்ளாப் எல்லாம் நோட்ஸ் எழுதற மியூஸ்ஸ்கோர் சாஃப்ட்வேர்லயே இலவசமா இருக்கு, நாக்கை உருட்டி ஊதற ஃப்ளட்டருக்கு நோட்டு காம்புல மூணு கோடு, பாதி முழுங்கி வாசிக்கிற கோஸ்ட் நோட்டுக்கு தலையில பெருக்கல் குறி, உறுமற மாதிரி வர்ற க்ரவுலுக்கும் காத்தோட மெலிசா வர்ற சப்டோனுக்கும் குறி தேடி அலையாம வார்த்தையாவே எழுதுங்க, வாசிக்கிறவருக்கு அதுவே போதும்.

கடுப்பானது ரெண்டு விஷயம். பாம் கீ (இடது உள்ளங்கையால அமுக்கற கீ) வட்டம் ரொம்ப பொடிசு, ஸ்டாண்டுல வச்சு பாத்தா மூடியா திறந்தான்னு தெரியல, பெருசாக்கினா மேல இருக்கிற வரியில இடிக்குது. அப்புறம் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல ஃபைலைத் திறந்தா படத்துக்கு பதிலா ஏபிசிடி வரிசையா நிக்குது, அதனால பேண்டுக்கு பிடிஎஃப்பா மட்டும் அனுப்புங்க.

மல்டிஃபோனிக்ஸ் நிறைய எழுதறவங்க வாங்கலாம். பி ஃப்ளாட்டுக்காக மட்டும்னா பென்சிலே போதும்.