உப்புக்காற்று ஊரில் ப்ளூடூத் மவுஸ்: பெபிள் எம்350 எப்படி?

லேப்டாப்பில் இருப்பதே இரண்டு யூஎஸ்பி போர்ட், ஒன்றில் பிரிண்டர், மற்றதில் பென் டிரைவ் என்று வேலை பார்க்கிறவர்கள் லாஜிடெக் பெபிள் எம்350-ஐ தாராளமாக வாங்கலாம். நாள் முழுக்க டிடிபி, கல்யாண ஆல்பம் டிசைன் என்று உட்காருகிறவர்களுக்கு இது சரிப்படாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரி கடலை ஒட்டிய ஊர்க்காரர்கள் எந்த வயர்லெஸ் மவுஸ் வாங்கினாலும் சிக்னலைவிட செல் போடும் அறையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

இந்த மவுஸில் இணைப்பு இரண்டு வகை. ப்ளூடூத்தும் உண்டு, பெட்டியோடு வரும் சின்ன யூஎஸ்பி ரிசீவரும் உண்டு. மேல்மூடியைக் கழற்றினால் ஒரு ஏஏ செல்லும், ரிசீவர் வைக்க ஒரு குழியும் இருக்கும். அடியில் ஆன்-ஆஃப் சுவிட்சும் இணைப்பு மாற்றும் பட்டனும் இருக்கின்றன. அந்தப் பட்டனை ஒரு தட்டு தட்டினால் ரிசீவரிலிருந்து ப்ளூடூத்துக்கு மாறும். மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாக மினுங்கும். அப்போது விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்து, 'ஆட் டிவைஸ்' கொடுத்து, பட்டியலில் மவுஸ் பெயரைத் தொட்டால் போதும். ஆபீஸ் கம்ப்யூட்டரை ரிசீவரிலும் சொந்த லேப்டாப்பை ப்ளூடூத்திலும் இணைத்துவிட்டு, ஒரே மவுஸை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

கர்சர் விட்டுவிட்டு ஓடுகிறது என்பதுதான் எந்த ப்ளூடூத் மவுஸைப் பற்றியும் அதிகம் வரும் புகார். பெரும்பாலும் குற்றம் மவுஸில் இருக்காது. ப்ளூடூத், பழைய வைஃபை, மவுஸ் ரிசீவர் மூன்றுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகின்றன. பல லேப்டாப்களில் வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே கார்டு, ஒரே ஆன்டெனா. வைஃபையில் பெரிய ஃபைல் இறங்கும்போது, கூடவே ப்ளூடூத் ஹெட்போனும் ஓடினால் மவுஸ் திணறும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் இன்னொரு காரணம். அதன் கேபிளும் போர்ட்டும் இதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். ஸ்டுடியோக்களில் போட்டோக்கள் ஹார்டு டிஸ்குக்குக் காப்பி ஆகும்போது மட்டும் கர்சர் தடுமாறினால் இதுதான் விஷயம். ஹார்டு டிஸ்கை எதிர்ப் பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். ரிசீவர் பயன்படுத்துகிறவர்கள் ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

கொஞ்ச நேரம் தொடாமல் வைத்தால் மவுஸ் தூங்கிவிடும். திரும்ப அசைத்ததும் ஓரிரு விநாடி தாமதம் வருவது சகஜம். மொத்தமாகத் துண்டித்துக்கொண்டால் டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் ப்ளூடூத் மவுஸ் பொதுவாக வேலை செய்யாது என்பதால், கம்ப்யூட்டர் ஃபார்மட் செய்கிறவர்களுக்கு ரிசீவரோ வயர் மவுஸோ இருந்தே ஆக வேண்டும். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்தால், ஒன்றில் இணைத்தது மற்றதில் அறுந்துபோகும். இரண்டுக்கும் தனித்தனி இணைப்புச் சாவி உருவாவதுதான் காரணம். அந்த இடத்திலும் ரிசீவரே நிம்மதி.

இனி செல் அறை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரம் வற்றாத காற்றில் உப்பும் சேர்ந்தால் செல்லின் முனையைத் தொடும் ஸ்பிரிங்கும் தகடும் சீக்கிரம் மங்கும், களிம்பு பிடிக்கும். அறிகுறி தெளிவாகவே தெரியும்: புது செல் போட்டும் மவுஸ் திடீரென்று செத்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வரும். மவுஸ் போய்விட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். செல்லை எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு இரண்டு முனைகளையும் துடையுங்கள். களிம்பு போகவில்லை என்றால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு உரிந்து அடுத்த மாதமே துரு ஏறும். அல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அது காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ இரண்டு சொட்டு பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிட்டுத்தான் செல் போட வேண்டும். பொடி கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு செல் 18 மாதம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. வரலாம், ஆனால் மலிவான சுவர்க்கடிகாரச் செல்லை அத்தனை காலம் உள்ளேயே விடாதீர்கள். பள்ளி, கல்லூரி விடுமுறைக்கு மவுஸை மூடி வைக்கும்போது செல்லைக் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏற்றும் ஏஏ செல் 1.2 வோல்ட்தான், அதனால் பேட்டரி அளவு முதலிலிருந்தே குறைவாகக் காட்டலாம். வேலை செய்யும், பயப்பட வேண்டாம்.

ஒரு கிளிக் கொடுத்தால் இரண்டாக விழுவது, ஃபைலை இழுக்கும்போது பாதியில் நழுவுவது இரண்டும் பட்டனுக்கு அடியிலுள்ள மைக்ரோ சுவிட்சின் தேய்மானம். ஈரத்தில் தகடு ஆக்சைடு பிடித்தாலும் இதே கோளாறுதான். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் தற்காலிகமாக ஓடும், நிரந்தரத் தீர்வு சுவிட்சை மாற்றுவதே. எம்350-இல் இருப்பது சத்தமில்லாத வகை என்பதால், அளவும் உயரமும் ஒத்துப்போகிறதா என்று பழையதோடு வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். நூலகத்திலும் ஆபீஸிலும் இந்தச் சத்தமின்மை பெரிய வசதி.

டிசைன் வேலைக்கு வேண்டாம் என்றதற்குக் காரணம் 1000 டிபிஐ. மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் சுமார் 1000 புள்ளி. 1920 புள்ளி அகலத் திரையைக் கடக்க இரண்டு அங்குலம் போதும், 4கே திரைக்கு ஏறக்குறைய நான்கு வேண்டும். உயரமும் குறைவு, பெரிய கைக்கு மணிக்கட்டு வலிக்கும். பக்கவாட்டு பட்டனும் கிடையாது. அடுத்து வந்த பெபிள் 2 எம்350எஸ் 4000 டிபிஐ வரை போகும், மூன்று கருவிகளில் இணையும், ஆனால் தனியாக வாங்கினால் ரிசீவர் வராது. பழைய டெஸ்க்டாப்பில் ப்ளூடூத் இல்லாதவர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கி ஏமாற வேண்டாம்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் வாங்கும்போது லேப்டாப் கையில் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனோடு இணைத்துப் பாருங்கள், திரையில் அம்புக்குறி வரும். மேல்மூடியைத் திறந்து ரிசீவர் குழியில் இருக்கிறதா, ஸ்பிரிங் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள். உப்பும் ஈரமும் ஏறிய மவுஸை வாரன்டியில் எடுப்பது கஷ்டம்.