துணி டயபரும் பயிற்சி ஜட்டியும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஆன்லைனில் ₹300-க்குள் வரும் பெயர் தெரியாத பாக்கெட் டயபர்களில் (வெளியுறைக்குள் உறிஞ்சும் பேடைச் செருகிப் போடும் துணி டயபர்) பெரும்பாலும் வெள்ளை மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழைப் பேட்தான் இருக்கும். சட்டென்று உறிஞ்சும், சீக்கிரம் காயும். ஆனால் குழந்தை உட்கார்ந்தாலோ இடுப்பில் தூக்கிக்கொண்டாலோ, அழுத்தம் பட்டதும் குடித்த ஈரத்தை அப்படியே கக்கிவிடும். தொடையோரம் நனைவது இதனால்தான். இந்தத் துணி தோலில் நேராகப் படவும் கூடாது. தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்து வறட்சியாக்கும். வாங்கிவிட்டவர்கள் டயபரைத் தூக்கிப்போட வேண்டாம். வெளியுறை நன்றாகவே இருக்கும். உள்ளே பருத்திப் பேட் மாற்றினால் போதும்.

அடுத்த விலையில் சூப்பர்பாட்டம்ஸ் நிறுவனத்தின் யூனோ போன்ற துணி டயபர்கள் வருகின்றன. பருத்திப் பேட், கூடுதலாக உறிஞ்ச ஒரு துணைப் பேட் (பூஸ்டர்), மேலே ஈரம் உறுத்தாத ட்ரை ஃபீல் துணி. 5 முதல் 17 கிலோ வரை ஒரே அளவு என்பது நிறுவனத்தின் கணக்கு. இடைப்பட்ட எடைக்குச் சரிதான். 5 கிலோவை ஒட்டிய ஒல்லிக் குழந்தைக்கு எல்லா பிரஸ் பட்டனையும் இறுக்கினாலும் தொடையில் இடைவெளி நிற்கும். முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு நாடா கட்டும் சாதாரண நாப்பியே மேல்.

போடும்போது எலாஸ்டிக் தொடையின் மேல் ஏறாமல், தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் உட்கார வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழையட்டும். பேடின் ஓரம் துளி வெளியே தெரிந்தாலும் அதன் வழியே சட்டை நனையும். பூஸ்டரை ஆண் குழந்தைக்கு முன்பக்கமும் பெண் குழந்தைக்கு நடுவிலும் வையுங்கள். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதாக இருந்தால், துவைத்துக் காய்வதற்கும் சேர்த்து 10 முதல் 12 தேவைப்படும். வெளியில் போகும்போது மட்டும் என்றால் 4 போதும்.

புதுப் பருத்தியில் இயற்கையான மெழுகுப் பிசுக்கு இருக்கும். மூன்று நான்கு முறை துவைத்துக் காயவைத்த பிறகே முழுதாக உறிஞ்சும். "முதல் நாளே ஒழுகுது" என்று ஒற்றை ஸ்டார் போடுகிறவர்களில் பலர் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பொருளின் ஆயுள் துவைப்பதில்தான் இருக்கிறது. மலத்தைக் கக்கூஸ் கைக்குழாயால் பீய்ச்சித் தள்ளிவிட்டு, சிறுநீர் டயபரை ஒருமுறை அலசிப் பிழிந்து, மூடியில்லாத கூடையில் போடுங்கள். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு மூடி வைத்தால் அம்மோனியா வாடை ஏறும், எலாஸ்டிக்கும் தளரும். இரண்டு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். மெஷினில் முதலில் வெறும் தண்ணீரில் ஒரு அலசு, பிறகு சோப்புத்தூளோடு முழுச் சுற்று. "அரை ஸ்பூன் தூள் போதும்" என்ற அறிவுரை போர்வெல் உப்புத்தண்ணீருக்கு ஒத்துவராது. கடினநீரில் சோப்பின் வேலை பாதியிலேயே நின்றுவிடும். துணிக்கு எவ்வளவு போடுவீர்களோ அவ்வளவே போட்டு, ஒருமுறை கூடுதலாக அலசுங்கள். துவைத்த பேடில் நாற்றம் இல்லை, குழந்தை சிறுநீர் போன உடனே மூக்கைத் துளைக்கிறது என்றால் உள்ளே அழுக்கு தங்கியிருக்கிறது. பேடை மட்டும் சூடான தண்ணீரில், சோப்புத்தூளோடு சில மணி நேரம் ஊறவைத்துத் துவைக்கலாம்.

வெளியுறையை அந்தச் சூட்டில் போடக் கூடாது. அது துணியோடு பாலியூரிதேன் படலம் ஒட்டிய பியுஎல்; கொதிநீரிலும் இஸ்திரியிலும் படலம் பிரிந்துவிட்டால் பிறகு ஒழுகுவதை நிறுத்த வழியில்லை. கம்ஃபர்ட் மாதிரி கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், இழையில் படிந்து உறிஞ்சாமல் செய்துவிடும். கெட்டியான ராஷ் க்ரீமும் அப்படித்தான். தடவினால் நடுவே மெல்லிய துணி ஒன்று விரியுங்கள். மஞ்சள் கறைக்கு வெயிலே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த பேட் இரண்டு நாளானாலும் காயாது. அதனால் விரித்தால் ஒற்றை அடுக்காகும் மடிப்புப் பேடாகப் பார்த்து வாங்குவது நல்லது.

கழிப்பறைப் பழக்கத்துக்கு வரும்போது இதே ட்ரை ஃபீல் துணி எதிரியாகிவிடுகிறது. நனைந்தது தெரிந்தால்தானே குழந்தை சொல்லும்? அதற்குத்தான் பயிற்சி ஜட்டி. நடுவில் சில அடுக்குப் பருத்தி, ஒரு தடவை போகும் உச்சாவைத் தாங்கும், அவ்வளவே. டயபருக்கு மாற்று என்று நினைத்துப் பயணத்துக்கோ ராத்திரிக்கோ போட்டால் படுக்கை நனையும். வாங்கும்போது உள்பக்கம் பருத்தி படுகிறதா, குழந்தை தானே கீழே இழுக்கும் அளவுக்கு இடுப்பு எலாஸ்டிக் தளர்வா என்று பாருங்கள். வயதைப் பார்க்காமல் இடுப்பளவைப் பார்த்து 6 முதல் 8 வரை எடுக்கலாம். இரண்டு மணி நேரமாவது நனையாமல் இருப்பது, குந்தி எழுவது, சொன்னது புரிவது இவையெல்லாம் வந்த பிறகு (பெரும்பாலும் 18 மாதத்துக்கு மேல்) தொடங்கினால் வீண் போகாது.

கூடவே விற்கும் பாட்டி (potty) சேர் என்ற குட்டிக் கழிப்பறை நாற்காலி, வெஸ்டர்ன் கக்கூஸின் மேல் வைக்கும் ரிங் சீட் இரண்டில், சேர்தான் தொடக்கத்துக்கு நல்லது. பாதம் தரையில் ஊன்றினால்தான் முக்க வரும். ரிங் சீட் வாங்கினால் காலுக்குக் கீழே ஒரு முக்காலியும் வேண்டும். இந்தியன் கக்கூஸில் மிதிகட்டைகளின் அகலம் சின்னக் கால்களுக்கு எட்டாது. அதுவரை நம் வீட்டுப் பாட்டிகள் செய்வதுபோல் கால் நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" சொல்லலாம். அதற்கு எந்தக் கடையிலும் பில் போட மாட்டார்கள்.