அடுப்பா, வண்டியா, மூட்டையா, தோட்டமா?

பள்ளிப் பிள்ளைகளின் பசிக்கு ஏதாவது செய்வோம் என்று பெற்றோரும் ஊர்க்காரர்களும் கூடினால், பேச்சு பெரும்பாலும் நான்கு வழிகளில் வந்து நிற்கும். பள்ளியிலேயே அடுப்பு மூட்டுவது. எங்கோ ஓரிடத்தில் பெரிதாகச் சமைத்து வண்டியில் அனுப்புவது. தானியமும் எண்ணெயும் வீட்டுக்கே கொடுத்துவிடுவது. வளாகத்தில் காய்கறித் தோட்டம் போடுவது. எது மலிவு என்பதில் வாக்குவாதம் தொடங்கும். நான் முதலில் கேட்பது வேறு: பசி பிள்ளைக்கு மட்டுமா, வீடு முழுவதற்குமா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவின் வடபகுதியில் இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சில ஊர்ப் பள்ளிகளில் மதிய உணவு. வேறு சில ஊர்களில், 90 விழுக்காடு நாள்கள் பள்ளிக்கு வந்த பெண்பிள்ளைக்கு மாதம் 10 கிலோ மாவு. பெண்பிள்ளைகள் பள்ளியில் சேர்வது இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே அளவு, 5 முதல் 6 விழுக்காட்டுப் புள்ளி, கூடியது. வேறுபாடு வீட்டுக்குள்தான் தெரிந்தது. மாவு போன வீடுகளில், பள்ளிக்கே போகாத சின்னஞ்சிறு தம்பி தங்கைகளின் எடை தேறியது. சாப்பாட்டு நேரத்தில் தட்டில் பாதியைக் கைக்குட்டைக்குள் தள்ளி முடிச்சுப் போடும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. வாத்தியார் அதட்டுவார், ஆனால் வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதுதான் அந்த முடிச்சுக்குப் பொருள்.

அப்படியென்றால் மூட்டையே போதுமே? போதாது. மூட்டையில் போவது பெரும்பாலும் தானியம். முட்டையும் கீரையும் மூட்டை கட்டும் பொருள்கள் அல்ல. வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு. கென்யாவின் எம்பு பகுதியில் 1998 முதல் 2000 வரை 12 பள்ளிகளில் நடந்த சோதனையை இதற்காகவே நான் அடிக்கடி சொல்வேன். மக்காச்சோளமும் பயறும் சேர்ந்த ஒரே உணவு. ஒரு பிரிவுக்கு அதில் இறைச்சி சேர்த்தார்கள், இன்னொன்றுக்குக் கூடவே பால், மூன்றாவதற்குக் கூடுதல் எண்ணெய். நான்காம் பிரிவுக்குப் பள்ளியில் உணவில்லை. உண்டவர்களுக்குக் கிடைத்த கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் யோசித்து விடை காணும் தேர்வில் இறைச்சி உண்ட பிள்ளைகள்தான் முந்தினார்கள். இறைச்சிக்கு வழியில்லாத இடத்தில் பயறோடு புளிப்பான பழத்துண்டு ஒன்று வைத்தாலே, பயற்றின் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். கையோடு தேநீர் கொடுத்தால் அந்த ஆதாயம் போய்விடும். இந்த மாதிரி சின்னச் சின்னக் கைவேலைக்கெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று சமைக்க வேண்டும்.

வண்டியில் வரும் சாப்பாட்டை நான் ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். இடநெருக்கடியுள்ள நகரத்தில், சமையலறை கட்ட நாலடி நிலம் இல்லாத பள்ளிகளுக்கு அதுதான் வழி. அளவு சரியாக இருக்கும், நுண்சத்து கலப்பதும் எளிது. அதன் எதிரி கடிகாரம். வெந்த உணவு தட்டுக்கு வரும்வரை 60 பாகை செல்சியசுக்குக் குறையாமல் சூடாக இருக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு வெந்த சோறு பன்னிரண்டரைக்கு வந்து இறங்குகிறது. மூடியைத் திறந்தால் அதன் உள்பக்கம் கோத்திருந்த நீர் சொட்டி, மேலடுக்கு நசநசவென்றிருக்கும், அடியில் கட்டி. பிள்ளை நாலு வாய் தின்றுவிட்டு மீதியைக் கொட்டும். பதிவேட்டில் அதுவும் சாப்பிட்ட கணக்குத்தான்.

பெரிய அளவின் இன்னொரு ஆபத்து, தவறும் பெரிதாகிவிடுவது. 1996-இல் ஜப்பானின் சக்காய் நகரில் பள்ளி உணவு வழியே பரவிய ஈ.கோலை கிருமி 6,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை நோயில் தள்ளியது. சின்ன அடுப்பு தானாகவே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. பீகாரில் 2013-இல் ஒரு பள்ளியின் மதிய உணவில் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததால் 23 பிள்ளைகள் இறந்தார்கள். எண்ணெய் டப்பா எங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் வேறென்ன இருக்கிறது, சாவி யாரிடம், பரிமாறும் முன் ருசி பார்க்கும் பெரியவர் யார்: ஒவ்வொரு நாளும் இதற்குப் பதில் இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் என் வாக்கு பள்ளி அடுப்புக்குத்தான், ஒரு கறாரான நிபந்தனையோடு. சமைப்பவருக்குக் கூலி உண்டு. ‘தாய்மார்கள் முறைவைத்துச் சமைத்துக் கொடுப்பார்கள்’ என்று எழுதப்பட்ட திட்டம் முதல் மாதம் ஜோராக ஓடும். அறுவடை வந்ததும் அடுப்பு அணையும். ஏழைப் பெண்ணின் உழைப்பை இனாமாகக் கணக்கில் எழுதிவிட்டு ‘மலிவான திட்டம்’ என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. இன்னொன்று, கொள்முதல். பிரேசில் 2009-இல் போட்ட சட்டம், பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்றது. பக்கத்து வயலுக்கும் பள்ளி அடுப்புக்கும் இப்படி முடிச்சுப் போட்டால், விளைச்சலை வாங்க நிச்சயமான ஓர் ஆள் கிடைத்துவிடும்.

தோட்டமா? படம் எடுக்க அழகாக இருக்கும், நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கும். ஐந்து பாத்தி கீரை முந்நூறு தட்டுக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டால் போதும். நேபாளத்தில் ஆராய்ந்தபோது, பள்ளித் தோட்டத்தால் பிள்ளைகளுக்குக் காய்கறி பற்றிய அறிவு கூடியது. ஓராண்டில் அவர்கள் உண்ணும் அளவு கூடவில்லை. வீட்டுத் தோட்டத்தையும் பெற்றோரையும் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அது நகர்ந்தது. தோட்டத்தைப் பாடமாக நடத்துங்கள், உணவுத் திட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விடுமுறை வந்தால் மட்டும் என் கணக்கு மாறும். பள்ளி பூட்டிய அன்றே அடுப்பும் நிற்கும், வண்டியும் நிற்கும், பாத்திக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் இருக்காது. அந்த வாரங்களுக்கு நான் மூட்டைக்காரன். தானியத்தோடு பயறு, எண்ணெய், அயோடின் உப்பு. கடைசிப் பள்ளி நாளில், மணி அடிப்பதற்கு முன்னால் பிள்ளையின் கையில்.