காந்தத்தை வைத்து என்னை ஏமாற்றிய டீலர்

இங்கிலாந்தில் பழைய கார் வாங்க, ஜாகுவார் இ-டைப்பா, மெர்சிடிஸ் 280 எஸ்எல்லா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் பட்டதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கென்ட் பக்கம் ஒரு டீலரிடம் இரண்டும் அருகருகே நின்றன. 1966 ஜாகுவார் இ-டைப் கூபே 4.2 லிட்டர், 1969 மெர்சிடிஸ் 280 எஸ்எல் ('பகோடா' என்பது அதன் செல்லப்பெயர்). மனசு ஜாகுவாரில், புத்தி மெர்சிடிஸில். எது தேவலை என்று அவரையே கேட்டேன். (கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.) அவர் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஜாகுவார் கதவில் வைத்தார். கப்பென்று பிடித்தது. மெர்சிடிஸ் பானெட்டில் வைத்தார், வழுக்கி விழுந்தது. கதவிலும் அதே கதைதான். "பார்த்தீர்களா, இரும்புத் தகட்டின் மேல் முழுக்கப் பட்டி பார்த்த வண்டி" என்றார். கண்ணெதிரே நடந்ததை எப்படிச் சந்தேகப்படுவது? அன்றைக்கே ஜாகுவாருக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். வண்டியின் தொழிற்சாலைப் பதிவைக் காட்டும் ஜாகுவார் ஹெரிடேஜ் டிரஸ்ட் சான்றிதழ் கேட்டதற்கு, தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்றார்.

ஏழு வாரம் கழித்து என் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். சிரித்தே விட்டார். பகோடாவின் பானெட், டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு எல்லாம் கம்பெனியிலேயே அலுமினியம். காந்தம் எப்படி ஒட்டும்? முன் ஃபெண்டரிலும் அடித்தகட்டிலும் வைத்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும்.

சரி, அதோடு போகவில்லை. என் வண்டியின் எஞ்சின் எண்ணைக் காட்டினார். அந்த வருட 4.2 இ-டைப்புக்கு 7இ என்று தொடங்க வேண்டும். இதில் 7எல். அது 1968இல் வந்த எக்ஸ்ஜே6 சலூனின் எஞ்சின். வண்டியை விட எஞ்சின் இளையது! இரண்டும் எக்ஸ்கே என்ற ஒரே ஜாகுவார் எஞ்சின் வகைதான், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது சேஸிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ் எண்கள் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்தும் வண்டியை. அந்தப் பதிவுதான் தபாலில் வராத சான்றிதழில் இருக்கும். கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

டீலர் சொன்னபடி வண்டி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் வழி உண்டு. எனக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. 'அசல் எஞ்சின்' என்று வாயால்தான் சொன்னார், ரசீதில் அந்த வார்த்தையே இல்லை. வக்கீல் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

பிறகுதான் தெரிந்தது, மெர்சிடிஸ் வேறொருவர் கமிஷனுக்கு விட்டுவைத்த வண்டி. ஜாகுவார் டீலரின் சொந்தச் சரக்கு.