‘எச்சரிக்கை’ என்று சொல்லாத எச்சரிக்கைச் சேவை: ஹைதராபாத் சுனாமி மையம் எப்படி?

இந்தியப் பெருங்கடலில் எங்காவது 6.5 அளவுக்கு மேல் நிலநடுக்கம் வந்தால், சுமார் 10 நிமிடங்களுக்குள் ஹைதராபாத் பிரகதி நகரில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) வளாகத்திலிருந்து ஒரு புல்லட்டின், அதாவது சுனாமி அறிக்கை, கிளம்பும். கொழும்பு, மாலே, மஸ்கட், கராச்சி என்று கடலைச் சுற்றியுள்ள எல்லாத் தேசிய மையங்களுக்கும் அது போகும். கட்டணம் கிடையாது. தூதரகத்தின் அனுமதியும் வேண்டாம். ஜகார்த்தாவும் ஆஸ்திரேலியாவும் இதே கடலுக்கு இதே வேலையைத் தனித்தனியாகச் செய்கின்றன. மூன்றையும் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் 2005இல் அமைந்த ஒருங்கிணைப்புக் குழு சேர்த்துப் பிடித்திருக்கிறது.

ஒரே கடலுக்கு எதற்கு மூன்று மையம்? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நடந்த கூட்டங்களில் மையத்தைத் தங்கள் மண்ணில் வைத்துக்கொள்ளப் பல நாடுகள் முன்வந்தன. இன்னொரு நாட்டின் உத்தரவுக்குக் காத்திருக்க யாருக்கும் மனமில்லை. கடைசியில் ‘ஒரு மையம்’ என்பதையே கைவிட்டு, தேசிய அமைப்புகளின் வலைப்பின்னல் என்று முடிவானது. அதுவரை இடைக்காலமாக ஹவாயும் டோக்கியோவும் பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பு, 2013 மார்ச் 31 முதல் இந்த மூவரிடம் வந்துவிட்டது.

இந்தச் சேவையின் மிகப் பெரிய ராஜதந்திரம் ஒரு சொல்லில் இருக்கிறது. வெளிநாடுகளுக்குப் போகும் புல்லட்டினில் ‘எச்சரிக்கை’ என்ற சொல் இருக்காது. ‘அச்சுறுத்தல்’ உண்டா இல்லையா என்பது மட்டும்தான். எச்சரிக்கை விடுப்பதும், மக்களை வெளியேற்றுவதும், வேண்டாம் என்று இருப்பதும் அந்தந்த நாட்டின் உரிமை. கராச்சிக்கு ஹைதராபாத் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம், கடற்கரையைக் காலி செய் என்று சொல்ல முடியாது. மக்ரான் கடலடிப் பள்ளம் பாகிஸ்தான், ஈரான் கரையோரம் கிடக்கிறது. 1945இல் அங்கே எழுந்த சுனாமி இந்தியாவின் மேற்குக் கரையையும் தொட்டது. அந்தப் பக்கத்துத் தரவு குஜராத்துக்கு வேண்டும், இந்தப் பக்கத்துக் கணக்கு அவர்களுக்கு வேண்டும். அந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுத்ததால்தான் இரண்டு நாடுகளும் ஒரே மேசையில் உட்கார முடிகிறது.

தரவைப் பகிர்வதும் லேசில் நடந்துவிடவில்லை. நிலநடுக்கமானி நிலநடுக்கத்தை மட்டும் காட்டாது, அணுகுண்டுச் சோதனையையும் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் 2005இல் நேரடித் தரவைத் திறந்துவிட இந்தியா தயங்கியது. பிறகு சில நிலையங்கள் மட்டும் பகிர்வுக்கு வந்தன. வேடிக்கை என்னவென்றால், அணுச்சோதனையைக் கண்காணிக்கவே அமைத்த வியன்னா அமைப்பும் தன் நிலையங்களின் தரவைப் பல நாடுகளின் சுனாமி மையங்களுக்கு இப்போது கொடுக்கிறது.

இனி புல்லட்டினுக்கு வருவோம். முதல் அறிக்கையில் நிலநடுக்கத்தின் இடம், ஆழம், அளவு இருக்கும். அடுத்ததில், எங்கே எவ்வளவு நிலநடுக்கம் வந்தால் அலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சேமித்து வைத்தவற்றிலிருந்து பொருத்தமானதை எடுத்து, கரைப்பகுதி வாரியாக அலை உயரமும் நேரமும் தருவார்கள். கடல்மட்டக் கருவிகள் உறுதிசெய்த பிறகு வருவது மூன்றாவது வகை. கரையோரத்தில் 0.5 மீட்டரைத் தாண்டும் என்றால் அச்சுறுத்தல்.

நேரம் சர்வதேச நேரத்தில் இருக்கும். 5.30 மணி கூட்டிக்கொள்ள வேண்டும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே கணக்கு. 2012 ஏப்ரல் 11 நிலநடுக்கம் புல்லட்டினில் 08:38, நமக்குப் பிற்பகல் 2.08. பதற்றத்தில் இந்தக் கூட்டலைத் தவறவிட்டால் ‘அலை நேரம் கடந்துவிட்டது’ என்று தோன்றும். இந்தத் தவறுக்கு மன்னிப்பே கிடையாது.

அடுத்து டி1, டி2, டி3, டி4 என்று நான்கு நேரங்கள். டி1 முதல் அலை தொடும் நேரம். ஆபத்தான உயரத்தை அலை முதலில் தாண்டுவது டி2, மிகப் பெரிய அலை டி3, ஆபத்தான கடைசி அலை டி4. வெளியேற்றத்தை டி1க்கு முன்பே முடித்துவிட வேண்டும். பலரும் சறுக்குவது டி3, டி4இல்தான். முதல் அலைதான் பெரிய அலை என்பது நம் ஊரில் வேரூன்றிய தவறான எண்ணம். டி1க்கும் டி4க்கும் நடுவே பல மணி நேரம் இருக்கக்கூடும். முதல் அலை வடிந்ததும் வலையையும் படகையும் பார்க்க இறங்குவதுதான் உயிரைக் குடிக்கிறது. டி4 கடந்தாலும் ரத்து அறிவிப்பு வரும்வரை கரைக்குத் திரும்பக் கூடாது.

இந்தியாவுக்குள் போகும் அறிக்கையில் மட்டும் நிலைகள் உண்டு. 2 மீட்டருக்கு மேல் ‘வார்னிங்’, 0.5 முதல் 2 மீட்டர் வரை ‘அலர்ட்’, அதற்குக் கீழே ‘வாட்ச்’. இதில் ஒரு நுட்பம் உண்டு. அலை 60 நிமிடங்களுக்குள் சேரும் இடங்களுக்கு நிலநடுக்கக் கணக்கை மட்டும் வைத்தே வார்னிங் போகும். அதைவிடத் தூரமான இடங்களுக்குக் கடல்மட்டம் உறுதிசெய்த பிறகுதான் நிலை உயர்த்தப்படும். சுமத்ரா பக்கம் எழும் அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நாகைக்கு இந்த முறை பொருந்தும். நிக்கோபாரில் சில நிமிடங்கள்தான் இருக்கும். அங்கே நில அதிர்வே எச்சரிக்கை. நின்று பிடிக்க முடியாத அளவு ஆடினாலோ, 20 விநாடிக்கு மேல் ஆடினாலோ, செல்பேசியைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

இந்த முறைக்கு உண்மையான சோதனை 2012இல் வந்தது. 8.6 அளவு, சுமத்ராவுக்கு மேற்கே. முதல் புல்லட்டின் 8 நிமிடத்தில் வந்துவிட்டது. தட்டுகள் பக்கவாட்டில் உரசிய நிலநடுக்கம் என்பதால் நீர் பெரிதாக மேலெழவில்லை. வார்னிங் நிக்கோபாரின் சில இடங்களோடு நின்றது. சென்னையில் அலுவலகங்களைவிட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள்தான், ஆனால் அறிவியல் பதறவில்லை.

கோளாறு எங்கே? முதலாவது மிதவை. கடலடியில் உள்ள அழுத்தமானி 1 செ.மீ. நீர்மட்ட மாற்றத்தைக்கூட உணரும். அது ஒலியாக மேலே உள்ள மிதவைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியே ஹைதராபாத்துக்கும் போகும். ஆனால் மிதவையின் நிழலில் மீன் சேரும். மீன் சேர்ந்தால் படகு வரும், படகு மிதவையில் கயிறு கட்டும், கருவி உடையும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கப்பல் அனுப்பித்தான் சரிசெய்ய முடியும், அதற்குக் கடலும் இடம்கொடுக்க வேண்டும். அதுவரை தாய்லாந்து மிதவையோ ஆஸ்திரேலிய மிதவையோ பேசினால்தான் உண்டு. தரவுப் பகிர்வு ஒப்பந்தத்தின் அருமை அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, நிலநடுக்கமில்லாத சுனாமி. 2018 டிசம்பர் 22இல் அனாக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து சுந்தா நீரிணையில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். நில அதிர்வை நம்பி இயங்கும் அமைப்புக்கு அது கண்ணிலேயே படவில்லை. இந்த ஓட்டை இன்னும் முழுமையாக அடைபடவில்லை.

மூன்றாவது, மூன்று மையங்களும் மூன்று எண்களைத் தருவது. முதல் நிமிடங்களில் அளவைக் கணிக்கும் முறையும் மாதிரியும் மையத்துக்கு மையம் மாறும். அலை உயரம் 0.4 மீட்டர் என்று ஒருவரும் 0.7 மீட்டர் என்று இன்னொருவரும் சொன்னால் எதை எடுப்பது என்பதைத் தேசிய மையம் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். பெரியதை எடுப்பதே எங்கள் பரிந்துரை.

ஜூனிலும் டிசம்பரிலும் தகவல்தொடர்புச் சோதனை உண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து நடத்தும் ‘ஐஓவேவ்’ சுனாமி ஒத்திகையும் உண்டு. இவற்றில் சோதனைக்கு உள்ளாவது பெரும்பாலும் மையங்களுக்கு இடையிலான கம்பி. கிராமம் வரை ஒத்திகை இறங்கியதற்கு நல்ல உதாரணம் ஒடிசா. வெங்கட்ராய்ப்பூரும் நோலியாசாஹியும் 2020இல் யுனெஸ்கோவின் ‘சுனாமி ரெடி’ அங்கீகாரம் பெற்றன, 2024இல் மேலும் 24 கிராமங்கள் சேர்ந்தன. இலங்கையில் கரையோர எச்சரிக்கைக் கோபுரங்கள் பழுதாகிக் கிடப்பது பலமுறை செய்தியாகியிருக்கிறது. கொழும்பு வானிலைத் திணைக்களத்துக்குப் புல்லட்டின் நேரத்துக்கு வந்துவிடும், கிழக்குக் கரையில் உள்ள காத்தான்குடிக்குப் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

பொதுமக்கள் மூன்று புல்லட்டினையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இன்காய்ஸின் சமுத்ரா செயலி போதும். தமிழகத்தில் சந்தேகம் கேட்க மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: குமரிக் கரைக்கு அடிக்கடி வரும் ‘கள்ளக்கடல்’ அறிவிப்பும் இதே இன்காய்ஸ் தருவதுதான், ஆனால் அது தூரத்துப் புயல்கள் அனுப்பும் அலை, சுனாமி அல்ல. ஆழ்கடலில் இருக்கும் விசைப்படகுக்குச் செய்தி கிடைத்தால் துறைமுகத்துக்குத் திரும்பக் கூடாது. ஆழத்தில் சுனாமி படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். முகத்துவாரத்தில்தான் உடைக்கும்.