பஞ்சர் கடை அண்ணனுக்குப் புரிகிற சைக்கிள் வாங்குங்கள்

மூன்று வருஷத்துக்கும் மேலாக ஒரே சைக்கிளைச் சென்னையில் வேளச்சேரி, தரமணி, திருவான்மியூர், ஈ.சி.ஆர். என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் யாராவது தொப்பையைக் குறைக்க முடிவெடுத்தால் நேராக என் சீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை கியர் சார் இருக்கணும்?" அது பெரிய விஷயமே இல்லை. வாங்கப்போகிற சைக்கிளில் உங்கள் தெருமுனை பஞ்சர் கடைக்காரர் கை வைக்க முடியுமா என்பதுதான் பெரிய விஷயம். கடையில் நிற்கும்போது இது யாருக்கும் தோன்றாது. முதல் பஞ்சர் ஆனபிறகு தோன்றும்.

நான் சைக்கிளுக்கு வந்தது ரத்தப் பரிசோதனை வழியாக. ஹெச்.பி.ஏ.1.சி., அதாவது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 என்று வந்தது. 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை வாசல்வரை வந்து நிற்கிறது என்று அர்த்தம். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற குறைந்தபட்சக் கணக்கும் அதுதான். ஓடினால் முழங்கால் ஒத்துக்கொள்ளாது, ஜிம்மில் டிவியைப் பார்த்துக்கொண்டு நடப்பது எனக்கு ஆகாது. மிச்சம் சைக்கிள்தான்.

கியர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம்ம ஊர் தட்டை. பரங்கிமலை ஏறிப் பார்க்கிற ஆசை இருந்தாலொழிய, நமக்கு மேடு என்பது மேம்பாலமும் அடையாற்றுப் பாலமும்தான். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, ஆக 21 கியர் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதில் பாதிக்குப் பாதி ஒன்றின் வேலையையே இன்னொன்று செய்யும். நான் முன்பக்கம் நடுச்சக்கரத்தை விட்டு மாற்றுவதே அபூர்வம். அதற்காக கியரே இல்லாத சைக்கிளையும் வாங்கச் சொல்லமாட்டேன். மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று நாட்களில் திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு போகும்போது நம்மை நாமே மெச்சிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது எதிர்காற்றில் அந்தப் பெருமை எல்லாம் போய்விடும். அப்போது இரண்டு கியர் இறக்கி, நிமிஷத்துக்கு 80 சுற்று என்கிற கணக்கில் லேசாக மிதித்துக்கொண்டே வரவேண்டும். கனமான கியரில் அழுத்தி மிதித்தால் தொடைக்கு முன்னால் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

அடுத்து, கடைக்காரர்கள் ஆசையாகக் காட்டுகிற ஷாக் அப்சார்பர். முதல் சைக்கிள் வாங்குகிற விலையில் வருகிற முன்பக்க ஷாக் பெரும்பாலும் ஒரு கனமான ஸ்பிரிங், அவ்வளவுதான். சைக்கிள் எடையில் ஒரு கிலோவுக்கு மேல் கூட்டுகிறது. எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் கொஞ்சத்தை அதுவே அமுங்கி அமுங்கித் தின்றுவிடுகிறது. கடற்கரைப் பக்கம் ஓட்டினால் துருவும் பிடிக்கும். வேளச்சேரி ரோட்டுப் பள்ளங்களுக்கு அது வேண்டாமா என்று கேட்பார்கள். பள்ளத்துக்கு மருந்து டயர்தான். 35 மி.மீ. அகல டயரில் காற்றை அளவாக வைத்து, பள்ளம் வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொண்டால் போதும். மலைப்பாதைக்கென்று வருகிற முரட்டு முடிச்சு டயரும் தார் ரோட்டில் வீண். இரைச்சல் போடும், இழுக்கும்.

நான் எடுத்தது ஷாக் இல்லாத ஹைபிரிட், அதாவது ரேஸ் சைக்கிளும் மலைப்பாதை சைக்கிளும் கலந்த வகை. நேரான ஹேண்டில்பார், 700×35 டயர் (700 சக்கர அளவு, 35 அகலம்), ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் பிடிக்கிற சாதாரண வி-பிரேக், விலை சுமார் 16,000 ரூபாய். கம்பெனி பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற பாகங்களை மாற்றிவிடுகிறார்கள், என்னுடையது இப்போது கடையில் அதே மாதிரி கிடைக்காது. டிஸ்க் பிரேக் வேண்டாமா என்றால், இந்த ஊருக்கு எனக்கு வேண்டாம். மலிவான டிஸ்க்கின் தகடு கொஞ்சம் வளைந்தாலே கீச்கீச்சென்று உரசும், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளைத் தேடவேண்டும். வி-பிரேக் கட்டையை எந்தக் கடையிலும் மாற்றிவிடுவார்கள். மழையில் ரிம் நனைந்தால் முதல் பிடி வழுக்கும், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி பஞ்சர் கடைக்கு வருகிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடிப் பையன் ஒருவன் பளபளவென்று ரோடு பைக் என்கிற ரேஸ் சைக்கிள் வாங்கினான். அதில் பிரெஸ்டா என்கிற மெல்லிய வால்வு. நுனியில் இருக்கிற குட்டித் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். தெருமுனைக் கடை அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி இது, காத்து போற வாயே காணோமே" என்றார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிள், பால் போடுகிறவர் சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டோ, இவற்றை வைத்துப் பிழைக்கிற கடை அது. பழைய சைக்கிள் வால்ட்யூபும் பைக் வால்வும் அவருக்கு அத்துப்படி. இந்த மூன்றாவது வகையோடு அவருக்கு என்ன பழக்கம்? பைக், கார் டயரில் இருக்கிற மாதிரியான வால்வு உங்கள் சைக்கிளில் இருந்தால் சென்னையில் எந்த மூலையிலும் காற்று கிடைக்கும். பிரெஸ்டாதான் என்றால் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சின்ன அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியிடம் இப்போது இரண்டு இருக்கிறது.

அண்ணன் பஞ்சர் ஒட்டுவதைக் கூட நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ட்யூபைத் தண்ணித் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி ஊதிக் காயவிட்டுத்தான் பேட்ச்சை வைப்பார். சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டு ஒட்டுகிற கடைகள் இருக்கின்றன, அந்தப் பேட்ச் மறுநாளே எழும்பிவிடும். ஒன்றை மட்டும் நாம் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்யவைக்க வேண்டும்: டயரின் உட்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்ப்பது. லாரி டயர் வெடித்துச் சிதறுகிற மயிரிழைக் கம்பிதான் இந்த ஊர் பஞ்சர்கள் பலவற்றுக்குக் காரணம். கோவளம் பக்கம் ஓரமாக ஒதுங்கினால் கருவேல முள். இரண்டும் டயருக்குள்ளேயே தங்கிவிடும். எடுக்காமல் விட்டால் ஒட்டின ட்யூபை வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறுபடி குத்தும். இன்னொன்று, 700 அளவு டயர் ரிம்மில் இறுக்கமாக உட்காரும். இரும்பு லிவரால் நெம்பினால் ட்யூபும் கிழிய வாய்ப்புண்டு. என் பையில் பிளாஸ்டிக் லிவர் இரண்டு இருக்கிறது, அதை எடுத்து அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். முதலில் சிரித்தார், இப்போது அவரே கேட்டு வாங்குகிறார்.

காற்றழுத்தம் என் டயருக்கு 60 பி.எஸ்.ஐ. பக்கம். எவ்வளவு தாங்கும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். சைக்கிள் டயரில் காற்று சீக்கிரம் இறங்கும், வாரம் ஒரு முறையாவது அடிக்க வேண்டும். அழுத்தமானி வைத்த கைப்பம்பு ஒன்று 1,200 ரூபாய் அளவில் கிடைக்கும், ஹெல்மெட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான். சைக்கிள் விலைக்குமேல் இன்னொரு 5,000 ரூபாய் ஆகும் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், பூட்டு, பம்பு. சக்கரத்தைக் கையாலேயே கழற்றுகிற குவிக் ரிலீஸ் நமக்கு எவ்வளவு வசதியோ, பார்க்கிங்கில் கண் வைப்பவனுக்கும் அவ்வளவு வசதி. பூட்டு வாங்கும்போது சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி பாருங்கள்.

சைஸ் விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் சார்" என்று சொல்கிற கடையிலிருந்து நன்றி சொல்லி வெளியே வந்துவிடலாம். பாரின் மேல் கால் அகட்டி நின்றால் இரண்டு மூன்று விரல்கடை இடைவெளியாவது இருக்க வேண்டும். சீட் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடிமனான நோட்டைத் தொடைகளுக்கு நடுவே மேலே இடிக்கும்வரை வைத்து, தரையிலிருந்து அதுவரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.88-ஆல் பெருக்கினால் வருவதுதான் பெடல் தண்டு சுற்றுகிற அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை இருக்கவேண்டிய உயரம். எனக்கு 78 செ.மீ., ஆகவே சீட் 68.6 செ.மீ. அங்கே இங்கே ஒரு செ.மீ. நம் சௌகரியம். நம்மவர்கள் பெரும்பாலும் சிக்னலில் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைக்கிறார்கள். அப்புறம் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று சைக்கிளைத் திட்டுகிறார்கள். முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். சிக்னலில் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நின்றால் போதும், சீட்டை இறக்கத் தேவையில்லை.

உட்காருமிடம் முதல் சில வாரம் வலிக்கத்தான் செய்யும். மெத்தென்ற ஜெல் கவர் வாங்காதீர்கள், அரை மணி நேரத்துக்குமேல் அது இன்னும் மோசம். பேட் வைத்த ஷார்ட்ஸ் நல்லது. அதை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்லிவிட்டேன்.

சென்னையில் சைக்கிளுக்குப் பெரிய எதிரி டிராஃபிக் என்று நினைப்போம். காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவனுக்கு எதிரி உப்புக்காற்றுதான். எலியட்ஸ் பீச், ஈ.சி.ஆர். என்று சுற்றிவிட்டு அப்படியே நிறுத்தினால் செயினில் இரண்டே நாளில் செம்பழுப்பு ஏறும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மிகுதியைத் துடைத்துவிடுவேன். கிரீஸ் பூசக்கூடாது, கடற்கரை மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பையனின் ஒரு அடி ஸ்கேலே போதும். புது செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். நீண்டு 12-க்குமேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு ஏறிவிட்டால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு ஆகும்வரை விட்டால் பின்பக்கப் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பு. முதல் செயினை இந்தக் கணக்குப்படி மாற்றியதால் பல்சக்கரம் இன்னும் பழையதுதான் ஓடுகிறது. பிளாஸ்டிக் பெடல் இரண்டும் முதல் மழைக்காலத்திலேயே கடகடவென்று ஆடின, உலோகப் பெடல் போட்டுவிட்டேன். இதுவரை பெரிய செலவு அதுதான்.

மழைக்காலத்தில் வேளச்சேரியில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தேங்கிய தண்ணீரில் ஓட்டவே ஓட்டாதீர்கள். சக்கரத்தின் அச்சு மூழ்கினால் பேரிங் போகும். அதைவிட முக்கியம், மூடியில்லாத சாக்கடைக் குழி எங்கே இருக்கிறதென்று தெரியாது. மே மாதத்தில் 5.45-க்கெல்லாம் விடிந்துவிடுகிறது, ஏழரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஜனவரியில் 6.30-க்குத்தான் சூரியன், லைட் இல்லாமல் கிளம்பாதீர்கள். மார்கழியில் நங்கநல்லூர்ப் பக்கம் போனால் கோலத்தைச் சுற்றிச் சுற்றியே ஹேண்டில்பாரைத் திருப்பப் பழகிவிடலாம். போகி அன்று மட்டும் தூங்குங்கள், அந்தப் புகையில் மூச்சு வாங்கினால் உடம்புக்கு நல்லதே இல்லை. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்கு வைத்திருக்கிற தடுப்புகளால் ஓரம் என்பதே பல இடத்தில் இல்லை, நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். நாய் துரத்தினால் வேகம் கூட்டுவதைவிட இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது எனக்கு இதுவரை கைகொடுத்திருக்கிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஒரு வருஷத்தில் அந்த 6.1, 5.6-க்கு இறங்கியது. எடை நாலு கிலோதான் குறைந்தது. என் எடையில் ஒரு மணி நேரம் நடுத்தர வேகத்தில் மிதித்தால் 500, 600 கலோரி போகும். திருவான்மியூரில் நிறுத்தி நெய் மிதக்கிற பொங்கலும் இரண்டு வடையும் காபியும் சாப்பிட்டால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும். கூட வருகிற நண்பர்கள் அந்தப் பொங்கலுக்காகத்தான் எழுந்து வருகிறார்கள், அவர்களை நான் தடுப்பதில்லை. நான் மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்தக் கற்றுக்கொண்டேன், சில ஞாயிறுகள் தவிர.

இப்போது வீட்டம்மாவுக்கும் ஒன்று வாங்க வேண்டும். என் சைக்கிளை எடுத்துப் பார்த்தாள், ஃபிரேம் அவளுக்கு உயரம். பார் தாழ்ந்த ஃபிரேமில் சின்ன சைஸ், அதே சாதாரண வால்வு, ஷாக் இல்லாமல், 15,000-க்குள் தேடிக்கொண்டிருக்கிறோம். கூடை வேண்டும் என்பது அவள் போட்டிருக்கிற நிபந்தனை. ஷாக் இல்லாமலும் கூடை மாட்டுகிற வசதியோடும் கிடைக்கிற மாடல்களில் அவள் சைஸ் கடைகளில் இருப்பில் இல்லை என்கிறார்கள், வரும் வாரம் அம்பத்தூர்ப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.