650 வீ.ஏ. யூ.பி.எஸ்: முதல் வேலை மேசைக்குப் போதுமா?

யாழ்ப்பாணத்தில் கார்த்திகை மழைக்குத் தென்னோலை ஒன்று கம்பியில் விழுந்தாலே கரண்ட் போய்விடும். கந்தோருக்குப் புதிதாகச் சேருபவரின் விரல் முதலில் பழகவேண்டியது கொன்ட்ரோல்-எஸ், அதாவது சேமிக்கும் விசைகள். வேர்ட் தானாக மீட்புப் பிரதி எடுப்பது வழமையில் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான்; 9ஆவது நிமிடத்தில் கரண்ட் நின்றால் அந்த 9 நிமிடத் தட்டச்சும் போச்சு.

அதற்குத்தான் யூ.பி.எஸ்: கரண்ட் போனதும் உள்ளிருக்கும் பற்றரியால் கணினியைச் சில நிமிடம் ஓடவைக்கும் பெட்டி. ஒரு டெஸ்க்டொப், ஒரு திரை, ரவுட்டர்: இவ்வளவுக்கும் 650 வீ.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) பெட்டி போதும். ஆனால் 650 என்பது வாட் அல்ல. பலவற்றில் 360 வாட் அளவுதான், பின்பக்க லேபிளைப் பார்த்து வாங்குங்கள். லேசர் பிறின்டரை இதில் செருகவே வேண்டாம். மையை உருக்கும் ஹீட்டர் சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். பெட்டி கீச்சிட்டு நின்றுவிடும், கூடவே கணினியும்.

உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி. நம் வெக்கைக்கு 2, 3 வருடம் தாங்கினால் பெரிய காரியம். கரண்ட் போனதும் 'டொக்' என்று அணைந்தால் பெட்டியை எறியாதீர்கள், பற்றரியை மட்டும் மாற்றலாம். சோதிக்கும்போது வேலையைச் சேமித்துவிட்டுச் சுவர் சுவிட்சை மட்டும் நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றினால் எர்த்தும் போய்விடும்.

கரண்ட் போனதும் பெட்டி போடும் பீப் சத்தம்தான் நச்சரிப்பு. கிடைக்கும் சில நிமிடம் கணினியை ஒழுங்காக மூடுவதற்கு, கடிதத்தை முடிப்பதற்கு அல்ல.